எதிர்க்கடைக்குக் கொடுத்த பகிடி

கொழும்புப் பேப்பர் கல்முனைக்கு வந்து சேர மத்தியான லுஹர் தொழுகை முடிந்துவிடும். முதலாளி பள்ளியிலிருந்து திரும்பி, தொப்பியைக் கழற்றிக் கல்லாவின் மேல் வைத்து, பிளேன்டீயை ஒரு மிடறு குடித்த பிறகுதான் அதைப் பிரிப்பார். அந்தச் சரசரப்புக் கேட்டதும், உர மூடைகளுக்கு மேல் உட்கார்ந்திருக்கும் விவசாயிகள் கதையை நிறுத்திவிட்டு அவர் பக்கம் திரும்புவார்கள். செய்திக்காக அல்ல. செய்திக்குப் பின்னால் அவர் சொல்லப்போகும் ஒரு வரிக்காக.

“விவசாயிகளின் நலன் கருதி உர விலையைக் கூட்டியிரிக்காங்களாம்” என்று வாசிப்பார். கண்ணாடிக்கு மேலால் எல்லோரையும் ஒருமுறை பார்ப்பார். “நம்மட நலன்ல இவனுகளுக்கு இரிக்கிற அக்கறையைப் பார்த்தா எனக்குப் பயமா இரிக்கி.”

எழுபதுகளின் கடைசியில் நான் அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கல்முனைப் பிரதான வீதியில் உரம், விதைநெல், பூச்சிமருந்து, தண்ணீர்ப் பம்பு விற்கும் கடை அது. மருதமுனையிலிருந்து தினமும் சைக்கிளில் வருவேன். உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்திருந்தேன், பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. கிடைக்காத காதலியைப் போல விஞ்ஞானத்தின் மேல் எனக்கு அப்படி ஒரு பற்று. யாராவது அதைக் குறைத்துப் பேசினால் முகம் சிவந்துவிடும். இப்படிப்பட்டவன் போயும் போயும் இந்த முதலாளியிடம் அகப்பட்டேன்.

வானத்தில் சுற்றிக்கொண்டிருந்த அமெரிக்க ஆய்வுகூடம் பூமியில் விழப்போகிறது என்று ஊரே நடுங்கிக்கொண்டிருந்த நாட்களில் அவர் சொன்னார்: “ஏத்திவிட்டவனுக்கு எங்க இறங்கும் என்டு தெரியாதாம். நம்மட கூரையில விழுந்தா வெளிநாட்டுச் சாமான் என்டு தீர்வை கட்டச் சொல்லுவானுகள், பாத்துக்க மனே.” கலப்பட உரத்தைத் தடுக்க அரசாங்கம் குழு அமைத்த செய்தியை வாசித்துவிட்டு, “தலைவருக்குக் கார் வந்திட்டு, காருக்குப் பெற்றோல் வந்திட்டு. உரம்தான் இன்னும் வரல்ல” என்றார். பகலில் கொஞ்சம் தூங்குவது மூளைக்கு நல்லது என்று வெளிநாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்த செய்திக்கு, “இதை நம்மட அரசாங்கக் கந்தோர்கள்ல எப்பவோ கண்டுபிடிச்சிட்டாங்களே” என்றார். தொலைக்காட்சி வந்தபோது, “கொழும்புல பெய்ற மழையை இனிக் கல்முனையிலிருந்து பார்க்கலாம். வரம்பு நனையுமா என்டு மட்டும் கேட்டுச் சொல்லு” என்றார்.

எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு எரியும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், “நீங்க விக்கிற பம்பும் விஞ்ஞானம்தானே முதலாளி?” என்று கேட்டேன். “ஓம் மனே. பம்பை நான் ஒருநாளும் பகிடி பண்ணல்லையே. பம்பைப் பத்தி அவனுகள் பேப்பர்ல எழுதுறதைத்தான் பண்றேன்” என்றார். அது தப்பித்துக்கொள்வதற்கான பதில் என்றுதான் அப்போது நினைத்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பெரும்போகத்துக்கு முன்னால், கொழும்புக் கொம்பனி ஒன்று அறக்கொட்டியானைக் கொல்லப் புதிய மருந்து கொண்டுவந்தது. நெற்பயிரின் அடித்தண்டில் இருந்து சாற்றை உறிஞ்சி, வயலையே தீய்ந்தது போலாக்கிவிடும் பூச்சி அது. கொம்பனிக்காரர் ஒருவர் வந்து மண்டபம் எடுத்து, எல்லோருக்கும் சோடா கொடுத்துக் கூட்டம் வைத்தார். வெள்ளைச் சேட்டும் கழுத்துப்பட்டியுமாக நின்று, இது நவீன விஞ்ஞானத்தின் கொடை என்றார். எனக்குப் புல்லரித்தது. பின்வரிசையில் முதலாளி எழுந்தார்.

“ஒரு சின்னச் சந்தேகம். போத்தல்ல எச்சரிக்கை எல்லாம் இங்கிலீசுல மட்டும் எழுதியிரிக்கி. இது பூச்சிக்கு எழுதினதா, எங்களுக்கு எழுதினதா?”

மண்டபம் அதிர்ந்தது. கொம்பனிக்காரரும் சிரிக்கப் பார்த்தார். “கடைக்காரர்கள் விளங்கப்படுத்திச் சொல்வார்கள்தானே?”

“அப்ப நான் விளங்கப்படுத்தினா கொம்பனி கோவிக்காதே?”

“ஏன் கோவிக்கப் போகிறோம்?”

அன்றிலிருந்து தொடங்கினார். அவர் வியாபாரி, மருந்தை வாங்கி அடுக்கினார், விற்றார். ஆனால் ஒரு போத்தல்கூட அவருடைய வாயைத் தாண்டாமல் வெளியே போகவில்லை. இரவு என்னை உட்காரவைத்து லேபலை வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்வார். மறுநாள் அது வேறு உருவம் எடுத்து வரும். “சேட்டுப் போடாமயா அடிக்கப் போறீங்க? அப்ப வயலுக்கு ஏன் கொண்டு போறீங்க, வீட்டுலயே முதுகுல பூசிக்கோங்க.” “காத்துக்கு எதிரா நின்டு அடிங்க. பூச்சி உங்களைப் பார்த்துச் சிரிச்சே சாகும்.” எல்லாவற்றிலும் பெயர்போனது இது: “மயக்கம் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனா போத்தலையும் கூட்டிட்டுப் போங்க. டொக்டர்மார் படிச்சவங்கதான். ஆனா ஆளை மோந்து பார்த்து மருந்துட பேர் சொல்ற படிப்பு இன்னும் வரல்ல.”

விவசாயிகள் இதை வீட்டுக்குப் போய்ச் சொல்லிச் சிரித்தார்கள். சந்தையிலும் பஸ்ஸிலும் சொன்னார்கள். விற்பனை குறைந்தது. இரண்டு போத்தல் வாங்க வந்தவர் யோசித்து ஒன்றோடு போனார். கொம்பனிக்காரர் திரும்பி வந்தார். இந்த முறை சோடா இல்லை.

“நீங்கள் மருந்து விற்கிறீர்களா, சனங்களைப் பயமுறுத்துகிறீர்களா?”

“பயந்தவன் அடுத்த போகத்துக்கும் வருவான் தம்பி. மௌத்தானவன் எந்தக் கடைக்கு வருவான்?”

அந்த மருந்தின் ஏஜென்சி எங்களிடமிருந்து போய்விட்டது. வீதிக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு நேர் எதிரே இருந்த கடைக்குக் கொடுத்தார்கள். அந்தக் கடைக்காரருக்கும் எங்கள் முதலாளிக்கும் பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அடுத்த போகத்தில் சனம் அங்கே நின்றது. அங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லாமல் போத்தலை எடுத்துக் கொடுத்தார்கள். மருந்துக்குப் போனவர்கள் உரத்தையும் அங்கேயே வாங்கினார்கள். எங்கள் கடை வெறிச்சோடியது. என்னை நிறுத்திவிடுவார் என்று பயந்தேன். அவரோ, ஆளில்லாத கடையில் எனக்கு மட்டும் பேப்பரை உரத்து வாசித்தார்.

என் காக்காவும் அந்த மருந்தை எதிர்க்கடையில்தான் வாங்கினார். அவர் என் மூத்த சகோதரர், வாப்பா மௌத்தான பிறகு எங்கள் குடும்பத்தைத் தாங்கியவர். ஊருக்கு மேற்கே இருந்த எங்கள் வயலில் அறக்கொட்டியான் விழுந்திருந்தது. வேறு வழி இருக்கவில்லை. பயிர் போனால் அந்த வருடம் வீட்டில் அடுப்பு எரியாது.

ஒரு மத்தியானம் ட்ரெக்டர் ஒன்று எங்கள் கடைக்கு முன்னால் வந்து நின்றது. பெட்டியில் வைக்கோலின் மேல் காக்கா கிடந்தார். உடம்பில் சேட்டு இல்லை. வாயால் நுரை தள்ளியது, கைகால் துடித்தது. தலையை மடியில் வைத்திருந்த அவர் மனைவி, என் மதினி, என்னைக் கண்டதும் குழறி அழுதா. சோறு கொண்டு வயலுக்குப் போனவ, வரம்பில் விழுந்து கிடந்தவரைக் கண்டு, பக்கத்து வயல்காரர்களைக் கூப்பிட்டுத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறா.

முதலாளி செருப்பில்லாமல் வீதிக்கு ஓடிவந்து பெட்டியில் ஏறினார். “ஏறு மனே, நிக்காத!” என்று என் கையைப் பிடித்து இழுத்துப்போட்டார். ட்ரெக்டர் ஆஸ்பத்திரியைப் பார்த்துப் பறந்தது.

டொக்டர் கண்ணிமையை விரித்துப் பார்த்துவிட்டு, “என்ன மருந்து அடித்தவர்?” என்று கேட்டார். நான் மருந்தின் பெயரைச் சொன்னேன், ஆனால் அது புதிது, அதற்குள் என்ன நஞ்சு என்று டொக்டருக்குத் தெரியவில்லை. அப்போது மதினி சேலை மடிப்புக்குள்ளிருந்து பழந்துணியில் சுற்றிய போத்தலை எடுத்து நீட்டினா. “இந்தாங்க டொக்டர். போத்தலையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க.”

டொக்டர் லேபலைத் திருப்பி, அந்த இங்கிலீசு எழுத்தை ஒரு பார்வையில் வாசித்தார். தாதியிடம் ஓர் ஊசியின் பெயரைச் சொன்னார். பிறகு நடந்ததெல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவு. ஊசிக்கு மேல் ஊசி. பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொன்னபோது காக்காவின் துடிப்பு அடங்கியிருந்தது. மூச்சு சீராக வந்தது. “தப்பிவிட்டார்” என்றார் டொக்டர். போத்தல் வராமல் இருந்திருந்தால் கண்டுபிடிக்க நேரம் போயிருக்கும், அந்த நேரம் அவரிடம் இருக்கவில்லை என்றார். மதினி சுவரில் சாய்ந்து, சத்தமில்லாமல் அழுதா.

அன்று முதலாளி ஒரு பகிடியும் விடவில்லை. டொக்டரின் பின்னாலேயே திரிந்தார். அந்த ஊசிமருந்து உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்று கேட்டார். நஞ்சு நரம்பைப் பிடித்துக்கொண்டு விடாமல் வைத்திருக்கிறது, இது அந்தப் பிடியை விடுவிக்கிறது என்பதுபோல டொக்டர் எளிமையாகச் சொன்னார். முதலாளி திரும்பக் கேட்டார். அதற்கும் பதில் வந்தது. பிறகு வெளியே வாங்கில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னார்:

“எவனோ ஒருத்தன் எங்கயோ இருந்து இதைக் கண்டுபிடிச்சிரிக்கான். நானும் இத்தின வருசமா பேப்பர் வாசிக்கிறேன். அவன்ட பேர் ஒருநாளும் வரல்லையே மனே.”

அவர் கண் கலங்கியிருந்தது. விஞ்ஞானத்தை என்னைவிட அதிகமாக மதித்த ஒருவரிடம்தான் இவ்வளவு நாளும் கோபித்துக்கொண்டிருந்தேன் என்று அந்த வாங்கில் உட்கார்ந்திருந்தபோது விளங்கியது.

மறுநாள் ஊர் முழுக்கக் கதை பரவியிருந்தது. இனி எங்கள் முதலாளி எதிர்க்கடைக்காரரை வாயாலேயே கொன்றுவிடுவார் என்று சனம் வேடிக்கை பார்க்கக் கூடியது. அந்த மனிதரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கல்லாவில் இருந்தார். முதலாளி தொப்பியைச் சரிசெய்துகொண்டு வீதியைக் கடந்து நேரே அங்கே போனார். ஸலாம் சொன்னார். கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இரண்டு பிளேன்டீ வரவழைத்தார்.

திரும்பி வந்தபோது எனக்குப் பொறுமையில்லை. “என்ன கதைச்சீங்க முதலாளி?”

“நம்மட பகிடி எல்லாத்தையும் அவருக்குக் குடுத்திட்டேன். சேட்டுப் பகிடி, காத்துப் பகிடி, போத்தல் பகிடி. பாவம், சொல்லத் தெரியல்ல மனிசனுக்கு. ரெண்டு தரம் சொல்லிக் காட்டினேன்.” பேப்பரை எடுத்தார். “இனி நாம புதுசு தேடணும்.”

அதற்குப் பிறகு எதிர்க்கடையிலிருந்தும் சிரிப்புச் சத்தம் கேட்கத் தொடங்கியது. எங்கள் பகிடிகளை அவர் கொஞ்சம் கெடுத்துத்தான் சொன்னார். ஆனால் சொல்லாமல் ஒரு போத்தல் விற்கவில்லை.

பின்னர் பூச்சிமருந்துக்குச் சட்டம் வந்தது. போத்தலில் மூன்று மொழியிலும் எழுதவேண்டும் என்றார்கள். அப்படி எழுதிய முதல் போத்தல் வந்தபோது முதலாளி அதை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். “மாஷா அல்லாஹ். முந்தி ஒரு பாஷையில விளங்கல்ல. இப்ப மூணு பாஷையிலயும் எழுத்துத் தெரியல்ல.” ஆனால் அந்தப் போத்தலை அவர் விற்கவில்லை. கல்லாவுக்குப் பின்னால், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தார்.

நான் பிறகு விவசாயப் போதனாசிரியராக அரசாங்க வேலைக்குப் போனேன். விண்ணப்பிக்கச் சொல்லி நச்சரித்தவரும் அவர்தான். எண்பதுகளின் கடைசியில், ஊர் அமைதி இழந்திருந்த ஒரு காலத்தில், அவர் நோயில் மௌத்தானார். அன்று வீதியில் அதிகம் நடமாட்டம் இல்லை. ஆனாலும் அடக்கத்துக்கு வந்தவர்களால் மையவாடி நிறைந்தது. அவரைச் சுமந்த சந்தூக்கின் ஒரு பக்கத்தை எதிர்க்கடைக்காரர் தோளில் வைத்திருந்தார். அவருக்கு முன்னால் காக்கா.

இன்று காக்கா பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். நான் ஓய்வுபெற்றுவிட்டேன். இப்போது மருந்துப் போத்தலில் நிறம் இருக்கிறது, படம் இருக்கிறது, எச்சரிக்கை பெரிய எழுத்தில் இருக்கிறது. எல்லாம் நல்லதற்குத்தான். எப்போதாவது மருதமுனை வீட்டில் நாங்கள் கூடும்போது, பிள்ளைகள் கேட்டால் மதினி எழுந்து நின்று, கண்ணாடிக்கு மேலால் பார்ப்பதுபோலப் பார்த்து, முதலாளியின் குரலிலேயே அந்தப் பகிடிகளைச் சொல்லிக் காட்டுவா. பிள்ளைகள் உருண்டு சிரிப்பார்கள். காக்காவும் சிரிப்பார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய இரண்டு கைகளும் மெல்ல உயர்ந்து, அந்த மனிதருக்காகத் துஆக் கேட்கும்.