சோத்தாங்கைப் பக்கம் போகாத வண்டி

வலது பக்கம் வளைய வேண்டிய இடத்தில் டாக்டர் இடது பக்கம் திரும்பி வாய்க்காலில் இறங்கினார். நான் பின்னாலேயே ஓடிப்போய்ப் பார்த்தபோது ஸ்கூட்டர் சேற்றில் மூக்கைக் குத்தி நின்றது; கரைமேல் தூக்கிக்கொண்டிருந்த ஒரு சைடு வீல் மட்டும் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நல்லவேளை, அவருக்கு அடி இல்லை. ஹேண்டில்பாரைப் பிடித்த பிடி விடாமல், "தம்பி, நான் சோத்தாங்கைப் பக்கம் போன்னா இது பீச்சாங்கைப் பக்கம் போவுது. இன்னா வண்டிப்பா கட்டிக் குடுத்துகீற?" என்றார். அந்த சைடு வீலை என் உத்திரமேரூர் ஒர்க்‌ஷாப்பில் மாட்டிக் கொடுத்தவன் நான்தான். எனக்கு மானமே போயிற்று.

சாலவாக்கம் பக்கத்து ஊர்களில் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது அவர் வேலை. 'மாடு கத்திக்கினு கீது' என்று ஒரு போன் வந்தால் போதும், மருந்துக் குடுவையை பைக்கில் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். மாட்டின் பருவம் ஒரு நாள் கூத்து. அன்றைக்கு விட்டால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும், அதுவரை வீட்டுக்காரருக்குத் தீனிச் செலவு தண்டம். ஆகவே அவர் தொழிலில் பாதி ஊசி, பாதி பைக். ஒரு மழைநாளில் லாரி இடித்து இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு போன் வரும்போதெல்லாம் "வேற ஆளக் கூப்டுக்கோ நைனா" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். இந்த சைடு வீல் வண்டியும் கைவிட்டால் அவர் ஆயுசுக்கும் வீட்டோடுதான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

வண்டியைக் கரையேற்றி, நூல் பிடித்துச் சக்கரங்களைப் பார்த்தேன். இம்மி பிசகவில்லை. களத்தில் மெதுவாக உருட்டும்போது சொன்ன பேச்சைக் கேட்டது. ரோட்டில் கொஞ்சம் வேகம் எடுத்ததும்தான் குரங்குச் சேட்டை. சரி, நாமே பார்த்துவிடலாம் என்று ஏறி முறுக்கினேன். அதே வளைவு. வலது பக்கம் போகப் பார்த்தேன், இடது பக்கம் இழுத்தது. இன்னும் அழுத்தினேன், இன்னும் இழுத்தது. வாய்க்காலுக்கு ஒரு முழம் முன்னால் பிரேக்கைப் பிடித்து நின்றேன். டாக்டரின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவள், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "ஆம்பளைங்க ரெண்டு பேரும் அழகா ஓட்றீங்க. எறங்கு, நான் ஒரு தபா பாக்கறேன்" என்றாள்.

அக்கா அதுவரை சைக்கிள்கூட மிதித்ததில்லை. ஐயோ, இவளையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கவேண்டி வருமோ என்று நான் கூடவே ஓடினேன். பயத்தில் முறுக்கிவிட்டாள் போல, வண்டி எங்களைவிட வேகமாகப் பாய்ந்தது. வளைவு வந்தது. அக்கா பாட்டுக்கு வளைந்து போய்விட்டாள்! திரும்பி வந்து இறங்கி, "இந்தாண்ட திருப்பினா இந்தாண்ட போவுது, அந்தாண்ட திருப்பினா அந்தாண்ட போவுது. இதுல இன்னா கீது?" என்று என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

என் மண்டை காய்ந்தது. வண்டி ஓட்டத் தெரிந்த இருவருக்கும் வரவில்லை, தெரியாதவளுக்கு வந்துவிட்டது. அப்படியானால் கோளாறு வண்டியில் இல்லை, எங்கள் கையில். என் பைக்கை எடுத்து ஆளில்லாத நேர்ரோட்டில் ஓட்டினேன். வலது கை விரல்களை விரித்து, வெறும் உள்ளங்கையால் பிடியை லேசாக முன்னால் தள்ளினேன். வலது பிடியை முன்னால் தள்ளினால் சக்கரம் இடது பக்கம்தானே திரும்பும்? ஆனால் பைக் வலது பக்கம் சாய்ந்து, வலது பக்கமே போனது. அட! மறுபடி செய்தேன். மறுபடியும் அப்படியே. உள்ளங்கையில் துடைப்பக்குச்சியை நிறுத்திப் பாருங்கள். அது வலப்பக்கம் சாய வேண்டுமானால் கையை இடப்பக்கம் நகர்த்த வேண்டும். பைக்கும் சைக்கிளும் அதே கதைதான். கீழே சக்கரம் ஒரு கணம் இடது பக்கம் விலகுகிறது, மேலே வண்டி வலது பக்கம் சாய்கிறது, சாய்ந்த பிறகு சக்கரமும் வலது பக்கம் திரும்பிக்கொள்கிறது. இத்தனை வருடம் என் கை இதைச் செய்துகொண்டிருந்திருக்கிறது, எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சைடு வீல் வைத்த வண்டி சாயாது. ஆகவே தள்ளிய கையை அது அப்படியே நம்பி, இடது பக்கம் போய்விடுகிறது. இன்றைக்கும் சைடு வீல் மாட்ட யார் வந்தாலும், முன்னே பைக் ஓட்டியிருக்கிறீர்களா என்றுதான் முதலில் கேட்கிறேன். ஓட்டியவர்களைப் பற்றித்தான் எனக்குப் பயம்.

ஓடிவந்து டாக்டரிடம் சொன்னேன். "போப்பா, கதை உடாத" என்றார். என் பைக்கின் பின்னால் உட்காரவைத்து, கையை எட்டி என் கைமேல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். வளைவில் என் கை தள்ளுவதை உணர்ந்ததும் "அடங்கொக்கா!" என்று கத்தினார். ஆனால் தெரிந்துகொண்டால் ஆயிற்றா? மறுபடி ஸ்கூட்டரில் ஏறினார், மறுபடி வாய்க்காலைப் பார்த்தே போனார். மண்டைக்குப் புரிந்தது, கைக்குப் புரியவில்லை. இறங்கி, கட்டைக்காலை நீட்டி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். "உடு தம்பி. எனக்கு இனிமே இல்ல" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அக்காதான் கிட்டே போனாள். "இந்தாய்யா, நீ வண்டி ஓட்டாத. ஏர்மாடு ஓட்டறன்னு நெனச்சிக்கோ. மாடு சோத்தாங்கைப் பக்கம் திரும்பணும்னா எந்தக் கயிறை இஸ்ப்ப?"

"சோத்தாங்கைக் கயிறை."

"அதான். தள்ளாத, இஸ்த்துப் புடி."

பைக் வாங்கும் முன் அவர் ஏர் ஓட்டியவர்தான். ஏறி உட்கார்ந்து, முறுக்கி, நாக்கைச் சொடுக்கி "ஹேய்... ஹேய்" என்றார். வளைவு வந்ததும் வலது பிடியைக் கயிறு போல நெஞ்சுப் பக்கம் இழுத்தார். ஸ்கூட்டர் வலது பக்கம் திரும்பியது. போனவர் திரும்பி வந்தார், மறுபடி போனார், ரோடு முழுக்க மாட்டை அதட்டிக்கொண்டே. நானும் அக்காவும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பொழுது சாய்வதற்குள் வளைவு அவருக்குப் பழகிவிட்டது. அப்போது அக்காவின் கையிலிருந்த அவர் போன் அடித்தது. தென்னேரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ ஒரு அம்மா. மாடு காலையிலிருந்து கத்துகிறதாம், கூப்பிட்ட ஆள் வரவில்லையாம். வழக்கமாக இப்படி வரும் போனுக்கு வேறு ஆளைக் கைகாட்டுவதுதானே? அக்கா போனை அவர் காதில் வைத்தாள். டாக்டர் ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே கேட்டார். அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "தண்ணி காட்டி நெழல்ல கட்டி வைம்மா. நான் வரேன்" என்றார்.