வெள்ளைக் கல் கிடந்த இடம்

மடுல்சீமையிலிருந்து கீழே நடந்துகொண்டிருந்தேன். பஸ் போய்விட்டது. பனிமூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் பாதை தெரியவில்லை. கையில் சுத்தியல், நூலுண்டை. பாதி வேலையில் கிளம்பியவன்... ஏன் என்கிறீர்களா?

பழைய பங்களா ஒன்று கெஸ்ட்ஹவுஸ் ஆகியிருந்தது. பூப்பாத்திகளுக்கும் நடைபாதைக்கும் ஓரக்கல் பதிக்கும் வேலை. கல்லை நீயே தேடிக்கொள் என்றார் மேனேஜர். மேலே, கைவிட்ட தேயிலைக்குள் கிடைத்தது. சுண்ணாம்பு அடித்த கற்கள், வரிசையாக.

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனுக்கு வெள்ளைக் கல் என்றால் என்ன? ரோட்டோரக் கல். துரை வருகிறார் என்றால் ஓடி ஓடிச் சுண்ணாம்பு அடிப்போமே! பழைய ரோடு என்று நினைத்துப் பெயர்த்தேன்.

வரிசைகள் மூன்றடியில் முடிந்தன. எந்த ரோடு மூன்றடியில் முடியும்? அப்போது தோன்றவில்லை.

ஒரு கல்லையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொன்றும் பக்கத்துக் கல்லை ஏற்கெனவே தெரிந்ததுபோல் ஒட்டி உட்கார்ந்தது.

மூன்றாம் நாள், கொழுந்து பறிக்கும் ரோசம்மா அந்த வழியாக வந்தார். ஐம்பது வயதிருக்கும். கூடையை இறக்கிவிட்டுப் பாத்தியோரம் குந்தினார். கற்களைத் தடவிக்கொண்டே போய், ஒன்றைப் புரட்டினார். அடியில் ஆணியால் கீறிய சிலுவை.

"இத எங்க எடுத்தீங்க தம்பி?"

"மேல... பழைய ரோட்டுல."

"ரோடா? பஸ்சு ஓடுச்சாக்கும்! அது பச்சப் புள்ளைகள பொதைக்கிற எடம். எம் மகளுக்கு வச்ச கல்லு இது."

கல்லறைத் திருநாள்தோறும் புல்லை விலக்கி, அந்தக் கல்லைப் பார்த்துத்தான் மெழுகுவர்த்தி ஏற்றுவாராம்.

சுமக்க முடிந்த கற்களோடு இருவரும் மேலே ஏறினோம். பெயர்த்த இடத்தையெல்லாம் மழை மூடியிருந்தது. எங்கும் ஒரே சேறும் புல்லும்.

"எந்த எடம்? நீங்கதான எடுத்தீங்க, சொல்லுங்க."

எனக்குத் தெரியாது. விரல் தானாக நீண்டது. "இதுதான்க்கா."

அவர் அங்கே கல்லை வைத்தார். வழியில் வீட்டிலிருந்து எடுத்துவந்த மெழுகுவர்த்தியை ஏற்றினார். சுடர் ஆடவில்லை. காற்றே இல்லை. ஆனால் நாலடி தள்ளி, ஒரே ஒரு இடத்தில், புல் அசைந்துகொண்டிருந்தது.

நான் பார்த்தேன். சொல்லவில்லை. நடக்கத் தொடங்கினேன்.

மனிதன் கல்லை வரிசையாக வைத்தால், உள்ளே மிதிக்கக் கூடாதது ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். ரோஜாவுக்கு மட்டுமா வைக்கிறோம்?

மறுநாள் காலை ஹாலிஎலவில் ஒரு முஸ்லிம் கடைக்கார நானா வேலை கொடுத்தார். அவர் வீட்டு முற்றத்திலும் பாத்திக்கு ஓரக்கல்தான். கல் லொறியில் வந்து இறங்கியிருந்தது.

"எங்க எடுத்த கல்லு நானா?"

"கல்லுக்கு என்ன தம்பி ஊரு? வேலையப் பாருங்க."

பதிக்கும் முன் ஒவ்வொன்றாகப் புரட்டினேன்.

ஏழாவது கல்லின் அடியில் சுண்ணாம்பு இருந்தது.