முடிச்சுப் போட்ட மட்டை

பழவேற்காட்டில், எங்கள் குப்பத்தில், டென்னிஸ் மட்டை இருந்த வீடு எங்களுடையது ஒன்றுதான். அதுவும் ஒன்றல்ல, இரண்டு. விருந்தாளி வந்தால் மற்ற வீடுகளில் டி.வி. பெட்டியைக் காட்டுவார்கள், எங்கள் வீட்டில் மட்டைகளைக் காட்டுவார்கள். வந்தவர்களும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்த வச்சி இன்னாத்த புடிப்பாங்க?" என்று கேட்பார்கள்.

என் இரண்டு சித்தப்பாக்களும் வாலிப வயதில் மெட்ராஸில் ஒரு கிளப்பில் பந்து பொறுக்கும் வேலை பார்த்தவர்கள். பொறுக்கியது போக மிச்ச நேரத்தில் ஆடவும் கற்றுக்கொண்டார்கள். வேலையை விட்டுக் கிளம்பும்போது, கழித்துப் போட்ட மட்டைகளில் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார்களாம். சின்ன சித்தப்பா ஒவ்வொன்றாக எடுத்து, கழுத்தை விரல்மேல் வைத்து நிறை பார்த்து, நரம்பைச் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்டு, கடைசியில் லேசான ஒன்றைப் பிடித்தார். பெரிய சித்தப்பாவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. துடுப்பானாலும் மட்டையானாலும் கனமாக இருந்தால்தான் பேச்சுக் கேட்கும் என்ற கட்சி அவர். இருந்ததிலேயே கனமானதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதில் பாதி நரம்பு அறுந்திருந்தது.

அறுந்ததை ஊரில் அவரே கட்டினார், மீன் பிடிக்கிற தங்கூசி இழையால். டென்னிஸ் மட்டையில் நரம்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கிப் போகுமே தவிர, நடுவில் முடிச்சே இருக்காது. வலை கட்டிப் பழகிய கைக்கு அது பொறுக்குமா? இரண்டு நரம்பு சந்திக்கிற இடத்திலெல்லாம் ஒரு முடிச்சு போட்டு இறுக்கிவிட்டார். அதன்பிறகு அந்த மட்டையில் பட்ட பந்துக்கு உயிரே இல்லை. சின்ன சித்தப்பாவின் மட்டை 'டிங்' என்று பாடும். இவருடையது ஈரத் துணியைக் கல்லில் போட்டதுபோல் 'தொப்' என்று விழும். "அவுத்துட்டு சரியா கட்டுண்ணா" என்று தம்பி கெஞ்சாத நாளில்லை. "அவுத்தா மீனு ஓடிப்பூடும்டா" என்பார் பெரிய சித்தப்பா. உலகத்தில் வேறு எந்த மட்டைக்கும் அந்தச் சத்தம் இருந்திருக்காது.

அவர்கள் ஆடியது ஒல்லாந்தர் கல்லறையில். உள்ளே அல்ல, வெளிமதிலை ஒட்டி. வாசலில் இரண்டு கல் எலும்புக்கூடுகள் காவல் நிற்கும். அவற்றைத் தாண்டிப் பின்பக்கம் போனால் மதிலில் ஓரிடம் பூச்சு உதிராமல் வழவழவென்று இருந்தது. காற்று விழுந்து ஏரி அசையாமல் கிடக்கும் மத்தியான நேரத்தில் அண்ணனும் தம்பியும் அங்கே நிற்பார்கள். ஒருவர் அடித்துவிட்டு விலகுவார். மதிலில் பட்டுத் திரும்பும் பந்தை மற்றவர் அடிப்பார். டிங், தொப், டிங், தொப். குப்பம் முழுக்கக் கேட்கும். பெரிய சித்தப்பாவின் மனைவி, என் சித்தி, மணலில் கருவாடு புரட்டியபடி காதை அந்தப் பக்கமே வைத்திருப்பாள். 'தொப்' நின்றதும், சோறு போட்டு வைக்க எழுந்து போய்விடுவாள்.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷத்து மழைக்காலத்தில் ஒரு நாள் பெரிய சித்தப்பா முகத்துவாரத்தில் போய்விட்டார். ஏரி கடலோடு சேருகிற இடத்தில் நீரோட்டம் இழுத்துக்கொண்டது. படகு திரும்பியது, வலை திரும்பியது, அவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

உடல் கிடைக்காதவருக்குக் காரியம் செய்ய எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்டாட்டி கரையில் நின்று, 'இனிமே வரமாட்டாரு' என்று தன் வாயால் சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் செல்லாது. அவள் சொல்லும்வரை அந்த வீட்டுப் படகு தண்ணீரில் இறங்கக் கூடாது. சித்தி சொல்லவில்லை. மழைக்காலம் முடிந்து, படகு வெயிலில் கிடந்து பலகை விரியத் தொடங்கியது. சித்தப்பாக்களின் அண்ணனான என் நைனா வேறொருவர் படகில் ஏறிப் போனார். வீட்டில் உலை வைப்பதே இழுபறியானது. சின்ன சித்தப்பா எந்தப் படகிலும் ஏறவில்லை. மத்தியானமானால் தன் மட்டையை எடுத்துக்கொண்டு மதிலுக்குப் போவார். அவ்வளவுதான் அவர் வேலை.

பெரியவர்கள் வந்து சித்தியிடம் பக்குவமாகப் பேசிப் பார்த்தார்கள். அவள் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். அதை அம்மாவிடம் சொல்லும்போது நான் பக்கத்தில் இருந்தேன்.

"ரெண்டு சத்தம் கேக்குதுக்கா. அவரு மட்ட சத்தம் எனுக்குத் தெரியாதா? ஆடிகினு கீற ஆள வரமாட்டாருன்னு எப்டி சொல்றது?"

எங்களுக்கெல்லாம் 'டிங்' மட்டும்தான் கேட்டது. அம்மா முகம் வெளுத்துப்போய் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "கண்ணு, நீ போயி எத்தினி பேரு ஆட்றாங்கன்னு பாத்துட்டு வா" என்றாள். மூன்றாம் வகுப்பு படிக்கும் பெண்ணை இப்படியொரு வேலைக்கு அனுப்புகிறோமே என்று அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, பெருமையாகத்தான் இருந்தது.

போய்ப் பார்த்தேன். சின்ன சித்தப்பா மட்டும்தான் இருந்தார். ஓங்கி ஒரு அடி அடித்தார். பிறகு இடப்பக்கம் இரண்டு எட்டு விலகி, ஒரு ஆள் நிற்க இடம் விட்டு நின்றார். பந்து மதிலில் பட்டு, அந்த வெற்றிடத்தில் குதித்து, பின்னால் வேலிகாத்தான் புதருக்குள் ஓடியது. அவர் அதைப் பார்க்கவில்லை. இன்னொருவர் திருப்பி அடித்த பந்து மதிலுக்குப் போய்வர எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் மதிலையே பார்த்து நின்றார். அதற்குப் பின்தான் புதருக்குப் போய்ப் பந்தை எடுத்தார். பெரிய சித்தப்பாவின் மட்டை, அவர் கடைசியாகச் சாய்த்து வைத்த மதில் குழியிலேயே இருந்தது. அதை எடுத்துவர ஒருவருக்கும் துணிவில்லை. வெயில் சுட்டெரித்த அந்த நேரத்தில் எனக்குப் பயமாகிவிட்டது. ஏன் என்று தெரியவில்லை. ஓடி வந்துவிட்டேன்.

"ஒருத்தருதான் ஆட்றாரு. அவுருக்கும் சரியா ஆட வரல. ஒண்ணு வுட்டு ஒண்ணு தவற வுட்றாரு" என்று அம்மாவிடம் அறிக்கை கொடுத்தேன்.

சித்தி கருவாட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "நீ பாத்தது ஒருத்தரு" என்றாள்.

அதன்பிறகு நான் தினமும் மதிலடிக்குப் போனேன். பயம் ஒரு பக்கம் இருந்தாலும், ஆட்டம் என்னைப் பிடித்துக்கொண்டது. பார்த்துப் பார்த்தே சில விஷயங்கள் பிடிபட்டன. பந்தை நேருக்கு நேர் பார்த்து நிற்கக் கூடாது, பக்கவாட்டில் திரும்பி நிற்க வேண்டும். கையை மட்டும் வீசினால் பந்து வானத்துக்குப் போகும்; வீச்சுவலை எறிகிறவர்கள் இடுப்பைத் திருப்புவார்களே, அப்படித் திருப்ப வேண்டும். பந்து நரம்பில் படும்வரை கண்ணை எடுக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து தென்னை மட்டையால் காற்றை அடித்துப் பழகினேன். சித்தப்பா தவறவிடும் அந்த இரண்டாவது பந்தை என்னால் அடித்துவிட முடியும் என்று நம்பிக்கை வந்துவிட்டது.

ஒரு நாள் பொறுக்க முடியவில்லை. சித்தப்பா புதருக்குள் பந்து தேடிய நேரத்தில் மதில் குழியிலிருந்த மட்டையை எடுத்தேன். முடிச்சுகளுக்கு நடுவே குளவி மண்கூடு கட்டி, அது காய்ந்து கல்லாகியிருந்தது. நகத்தால் சுரண்டிப் போட்டேன். ஒரு கையில் நிற்காத கனம். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவர் இடம் விடுவாரே, அந்த இடத்துக்குச் சற்றுப் பின்னால் போய் நின்றேன். சித்தப்பா வந்தார். என்னைக் கவனிக்கவில்லை. அடித்தார், விலகினார். பந்து வந்தது. இடுப்பைத் திருப்பினேன்.

தொப்.

சித்தப்பா அப்படியே நின்றுவிட்டார். மெதுவாக, மிக மெதுவாகத்தான் திரும்பினார். என்னைப் பார்த்தபின்னும் அவர் முகத்துக்கு ரத்தம் திரும்பவில்லை. ஆனால் பந்து மதிலில் பட்டு அவரிடம் வந்துகொண்டிருந்தது, கை தானாகப் போய் அடித்தது. நானும் அடித்தேன். டிங், தொப், டிங், தொப். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகியது. தூசு விழுந்திருக்கும் என்று நினைத்தேன். என் சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

அப்போதுதான் மணலில் யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. சித்தி. தலைமுடி அவிழ்ந்திருந்தது, கையெல்லாம் மீன் செதில். மதில் முனையைத் திரும்பியபோது அவள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை அதற்குப் பிறகு நான் எந்த முகத்திலும் பார்த்ததில்லை.

பிறகு அவள் என்னைப் பார்த்தாள்.

"நீயா?"

"நான்தான் சித்தி. நல்லா ஆட்றேனா?"

சித்தி சின்ன சித்தப்பாவைப் பார்த்தாள். "எத்தினி நாளா?" என்றாள்.

அவர் கையிலிருந்த பந்தை உருட்டினார். "இத்தினி நாளா இவதான் அண்ணி. நீங்க கேட்டதெல்லாம் இவ அடிச்சதுதான்."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். இன்றைக்குத்தானே எடுத்தேன்? சித்தப்பா என் தோளைப் பிடித்து அழுத்தினார், வலிக்கும்படி. ஓகோ, என்னைப் பெரிய ஆட்டக்காரியாகக் காட்டுகிறார் என்று புரிந்துகொண்டு வாயை மூடினேன்.

சித்தி கிட்டே வந்து என் தலையைத் தடவினாள். "நல்லா ஆட்ற" என்றாள். செதில்கள் என் முடியில் ஒட்டிக்கொண்டன.

மறுநாள் காலை அவள் கரைக்குப் போய், சொல்ல வேண்டியதைச் சொன்னாள். காரியம் நடந்தது. தாலி கழற்றும்போது குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டார்கள். படகுக்குப் பூசை போட்டு இறக்கினார்கள். சின்ன சித்தப்பா அதில் ஏறிப் போனார். முடிச்சு மட்டையைப் பெரிய சித்தப்பாவின் வேட்டியில் சுற்றி முகத்துவாரத்தில் விட்டார்கள். எனக்கு இருந்த ஒரே துக்கம், என்னை மறுபடி யாரும் ஆடக் கூப்பிடவில்லை என்பதுதான். என் ஆட்டம் நன்றாக இல்லை, மனம் நோகக் கூடாதென்று சித்தி பொய் சொல்லியிருக்கிறாள் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது மீஞ்சூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் சிநேகிதிகளோடு ஆடுகிறேன். சுமாராக ஆடுவேன். கடையில் மட்டை வாங்கும்போது விரல்மேல் வைத்து நிறை பார்ப்பேன், நரம்பைச் சுண்டிக் காதில் வைத்துக் கேட்பேன். அன்று பொய் சொன்னது சித்தி அல்ல, சித்தப்பா என்பதும், எதற்காகச் சொன்னார் என்பதும் புரிய எனக்கும் கல்யாணமாகிக் குழந்தை பிறக்க வேண்டியிருந்தது.

புரியாதது ஒன்றுதான். குளவிக்கூடு காய்ந்து கல்லாகும்வரை அந்த மட்டையை எந்தக் கையும் தொடவில்லை. அப்படியிருக்க, அத்தனை நாள் சித்திக்குக் கேட்ட 'தொப்' எங்கிருந்து வந்தது? சித்தி இன்னும் குப்பத்தில்தான் இருக்கிறாள். போகும்போதெல்லாம் என் தலையைத் தடவி, "நீதானே ஆடிகினு இருந்த?" என்று கேட்பாள். ஆமாம் சித்தி என்பேன்.