ஏரி ஆட்டமும் ஆறு வீட்டுத் தொட்டியும்

என் வீட்டுக்காரர் பாஸ்கரனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் நான் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும். ஆள் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், சீட்டைத் தொட மாட்டார். ஆனால் எதற்கும் முதல் கை அவருடையதாக இருக்க வேண்டும். பந்தியில் அப்பளம் எங்கள் வரிசைக்கு வருமுன்னே இவர் கை நீண்டிருக்கும். கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காகக் கால் மணி நேரம் முன்னதாகவே போய் நிற்பார். ஓசூருக்கு நாங்கள் குடி வந்தபோதும், லைன் வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வீடாகப் பார்த்துத்தான் பிடித்தார்.

மொத்தம் ஆறு வீடு, ஒரு தொட்டி. விடியற்காலை வீட்டுச் சொந்தக்காரம்மா சரோஜம்மாள் மோட்டார் போடுவார். தொட்டி ஒரு தடவை நிறையும், அவ்வளவுதான் அன்றைய தண்ணீர். முதல் வீட்டிலிருந்து வரிசையாகப் பிடிக்க வேண்டும். ஆம்பளைகள் ஷிப்டுக்குக் கிளம்புமுன் இருட்டோடு பிடித்து வைத்துவிடுவார்கள். எண்பத்தொன்பது கோடையில் போர்வெல் தண்ணீர் அடியில் போய்விட்டது. ஆறாவது வீட்டு ரங்கம்மா குடத்தோடு வரும்போது குழாய் புஸ் புஸ்ஸென்று காற்றுதான் விடும். தினமும் சண்டை.

சண்டையைத் தீர்க்கிறேன் என்று என் வீட்டுக்காரர் ஒரு ஆட்டம் கண்டுபிடித்தார். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான். சிப்காட்டில் நட்டு போல்ட்டு செய்யும் பட்டறையில் அவருக்கு வேலை. அங்கிருந்து பெட்டிப் பலகை ஒன்றைக் கொண்டு வந்து பெயின்டால் கட்டம் போட்டார். வீட்டுக்கு ஒரு காய். நடுவில் ஒரு சட்டியில் எண்ணிப் பதினெட்டு நட்டு, மேலே துண்டு மூடியிருக்கும். சட்டிதான் ஏரி. துண்டுக்குள் கை விட்டு ஒன்றோ இரண்டோ மூன்றோ எடுக்கலாம். யார் எத்தனை எடுத்தார் என்று யாருக்கும் தெரியாது. சுற்று முடிந்து திறக்கும்போது சட்டியில் வீட்டுக்கு ஒன்று வீதமாவது மிஞ்சியிருந்தால், எடுத்த அளவுக்குக் காயை நகர்த்தலாம். மிஞ்சவில்லையா, ஏரி வற்றியது. எல்லார் காயும் பழையபடி முதல் கட்டத்துக்கு.

"அடுத்தவனுக்கு விட்டு வைக்கணும்னு இதுல எல்லாரும் கத்துக்குவாங்க, பாரேன்" என்றார்.

நன்றாகக் கற்றுக்கொடுத்தார்! ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆறு வீடும் உட்காரும். ஏரி வற்றும். நாங்கள் அத்தனை பேரும் இவர் முகத்தைத்தான் பார்ப்போம். இவரோ கைமுட்டியை இறுக்கிக்கொண்டு, "எவன்டா அது மூணு எடுத்தது?" என்று பக்கத்து வீட்டுக் கருப்பசாமியை முறைப்பார்.

அந்தச் சமயத்தில்தான் ரங்கம்மா தன் மகளுக்குக் காது குத்த நாள் வைத்தாள். பாகலூரிலிருந்து அவள் அண்ணன் ராமப்பன், தாய்மாமன் முறைக்கு, கூட்டத்தோடு வருகிறார். போன மாசம் வந்திருந்தபோது கை கழுவப் போனவருக்குக் குழாய் காற்று விட்டதை அவர் மறக்கவே இல்லை.

"அக்கா, இந்தத் தடவையும் தண்ணி இல்லன்னா கொழந்தையோட பொட்டி கட்டிகினு பாகலூருக்கே வந்துடுன்னு அண்ணன் சத்தியம் வாங்கிட்டாருக்கா" என்று என்னிடம் சொல்லி அழுதாள். அவள் புருஷன் திம்மராயனுக்கு வேலை இங்கே. அவனை விட்டுப் போக அவளுக்கு மனசே இல்லை. அந்த லைனில் மனசு விட்டுப் பேச அவளை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

காதுகுத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் இவரிடம் கெஞ்சினேன்.

"என்னங்க, நாளைக்கு மட்டும் ரெண்டு கொடம் கொறச்சுப் புடிங்க."

"நான் கொறச்சா அந்தக் கருப்பசாமி நெறச்சிருவான். போ, போயி வேலையப் பாரு."

எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு ரசத்தில் உப்பே போடவில்லை. அதையும் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் படுத்தார்.

காலையில் எழுந்து பார்க்கிறேன், எங்கள் டிரம் காலி. குடம் காலி. குளிக்க ஒரு சொம்பு கூட இல்லை.

"என்னங்க, தண்ணி எங்க?"

"மோட்டார் ஓடல" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் ரங்கம்மா? வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் கருப்பசாமி பெண்டாட்டி கத்துவது கேட்டது: "தண்ணி எங்கய்யா?" குடம் ஓட்டை என்றார் கருப்பசாமி. மூன்றாவது வீட்டிலும் அதே கேள்வி. அங்கே இடுப்புப் பிடிப்பாம். அதற்கும் அடுத்த வீடுகளில் என்ன சொன்னார்களோ, கேட்க நான் நிற்கவில்லை. ஓடிப் போய்க் கல்லின் மேல் ஏறித் தொட்டி மூடியைத் தள்ளினேன்.

தொட்டி கழுத்து வரை தளும்பிக்கொண்டிருந்தது. ஐந்து வீட்டுப் பெண்களும் வந்து எட்டிப் பார்த்தோம். ஒரு குடம் கூட எவரும் தொடவில்லை! தான் ஒருத்தன்தான் விட்டுக்கொடுக்கிறோம் என்று ஒவ்வொருத்தரும் இருட்டில் வந்து வெறும் குடத்தோடு திரும்பியிருக்கிறார்கள். அதைச் சொன்னால் கௌரவம் என்ன ஆவது? கருப்பசாமி பெண்டாட்டி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

ரங்கம்மா குடத்தோடு வந்தாள். எங்கள் கூட்டத்தைப் பார்த்ததுமே அவளுக்கு முகம் செத்துவிட்டது. குழாயைத் திறந்தாள். தண்ணீர் கொட்டியது. நிற்கவே இல்லை. குடம் நிறைந்து வழிகிறது, அவள் மூடாமல் எங்களையே பார்க்கிறாள்.

"ஏய், மூடுடி! வீணாப் போவுது!" என்று ஐந்து பேரும் சேர்ந்து கத்தினோம். அவள் குழாயை மூடிவிட்டு அப்படியே என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன்.

காது குத்துக்கு ஐந்து வீடும் குளிக்காமல்தான் போனோம். முதலில் போய்த் தண்ணீர் பிடிக்க எந்த ஆம்பளைக்கும் மனசு வரவில்லை, சொன்ன பொய் அம்பலமாகிவிடுமே! பவுடர் மட்டும் கன்னா பின்னாவென்று அப்பியிருந்தார்கள். ராமப்பன் வந்தார். குழாயடியில் நின்று வாளி வாளியாய்ப் பிடித்துக் கால் கழுவினார், முகம் கழுவினார், மறுபடி கால் கழுவினார். இவர் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு வாளிக்கும் கண்ணை மூடி மூடித் திறந்தார்.

"என்னாம்மா ரங்கி, தண்ணி தாராளமா இருக்குதே! ஆயித்து, சரி, இங்கயே இரு" என்றார் ராமப்பன். பிறகு மூக்கை உறிஞ்சி, "இந்த லைன்ல யாரும் குளிக்க மாட்டாங்களா?" என்று இவரிடமே கேட்டார்.

சாயங்காலம் ரங்கம்மா மிச்சத் தண்ணீரை வீட்டுக்கு ஒரு குடமாகத் தானே சுமந்து வந்து கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு பலகை விரித்தோம். ஏரி வற்றியது. இவர் முட்டியைக் கருப்பசாமி வலுக்கட்டாயமாகப் பிரித்துப் பார்த்தார். உள்ளே மூன்று நட்டு. லைனே கைகொட்டிச் சிரித்தது, ரங்கம்மா எல்லாரையும் விட அதிகமாக.

அந்தக் காதுகுத்துப் பெண்ணுக்கு இப்போது கல்யாணப் பேச்சு நடக்கிறது. அன்றைக்கு ஏன் தண்ணீர் பிடிக்கவில்லை என்று இவரை இன்றைக்குக் கேட்டாலும், சுவரைப் பார்த்துக்கொண்டு, மோட்டார் ஓடவில்லை என்றுதான் சொல்கிறார்.