ஆடும் மேயாத மிளகாய்க் காடு

பூத்த செடியைப் பார்த்தால் வெள்ளாமை செய்கிற எந்தச் சம்சாரிக்கும் மனசு குளிரும். அந்த வருஷம் எனக்குப் பூவைப் பார்க்கவே பயமாக இருந்தது.

திருச்சுழிப் பக்கத்தில் எங்கள் கரிசல் காடு. மிளகாயும் ஊடே கொத்தமல்லியும் விதைத்திருந்தோம். மழையும் ஏமாற்றவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் கிடந்துவிட்டு ஊர் திரும்பியிருந்த என் வீட்டுக்காரர், இந்த மிளகாய் கைகொடுத்தால் இனிமேல் பஸ் ஏறமாட்டேன் என்று சொல்லியிருந்தார். அந்தச் சொல்லை நம்பித்தான் நான் வெயிலில் களை எடுத்தேன்.

ஒரு நாள் பார்த்தால் பூவெல்லாம் காலடியில் கொட்டிக் கிடக்கிறது. செடியில் நின்ற பூவைப் பறித்து உள்ளங்கையில் தட்டினேன். எள்ளைவிடப் பொடிசாகக் கறுப்புப் பேன் ஊர்ந்தது. செடியில் வழக்கமாக வருகிற பேன் இலையைச் சுருட்டும். அதோடு மல்லுக்கட்டி எங்களுக்குப் பழக்கம். இது வெளிநாட்டிலிருந்து வந்ததாம், பூவுக்குள்ளேயே குடியிருக்குமாம். அவ்வளவு தூரம் வந்ததற்கு எங்கள் காடுதானா கிடைத்தது?

வீட்டுக்காரர் மருந்துக்கடையே கதியென்று கிடந்தார். ஒரு மருந்து கேட்கவில்லை என்றால் அதைவிடக் காட்டமானது, அதுவும் கேட்கவில்லை என்றால் இரண்டையும் கலந்து. அடிக்க அடிக்கப் பேன் கூடியது. பேனைத் தின்கிற பூச்சிதான் மருந்தில் முதலில் சாகிறது, அடிப்பதை நிறுத்திவிட்டு நீல அட்டையில் பசை தடவிக் கட்டுங்கள், நீலத்தைத் தேடி வந்து பேன் ஒட்டிக்கொள்ளும் என்று விவசாய ஆபீசிலிருந்து வந்தவர் சொன்னார். கடையில் அட்டை தீர்ந்திருந்தது. என் நீலச் சேலையைக் கிழித்து, விளக்கெண்ணெய் தடவி, குச்சி நட்டுக் கட்டினேன். செடிக்கெல்லாம் சேலை எடுத்துக் கொடுத்தாச்சா என்று பக்கத்துக் காட்டு மதினி கேலி பேசினாள். மறுநாள் துணியெல்லாம் பேன் ஒட்டிக் கறுத்திருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வீட்டுக்காரர் ஒரு பூவைப் பறித்து என் கையில் தட்டினார். உள்ளே அதே கூட்டம்.

காய் பிடிக்கவே இல்லை. பிடித்த ஒன்றிரண்டும் சொறிபிடித்துக் கோணிக் கிடந்தன. எங்கள் பக்கம் வெள்ளாமை பொய்த்தால் ஆட்டை விட்டு மேய்ப்பது வழக்கம். ஆட்டுக்காவது வயிறு நிறையும், புழுக்கை நிலத்துக்கு உரமாகும். அந்த ஆறுதலாவது கிடைக்கட்டும் என்று ஆட்டுக்கிடை போடுகிற பெரியவரை வரச்சொன்னோம். அவர் வரப்பிலேயே நின்று மோந்து பார்த்தார். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

"எத்தன மருந்து அடிச்சிருக்கீக? இதுல ஆட்ட விட்டா ஒன்னுகூட வீடு சேராது, தாயி."

யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்காரர் குனிந்த தலை நிமிரவில்லை.

மறுநாள் காலையில் பையோடு வந்து நின்றார்.

"நான் திருப்பூருக்கே போய்ட்டு வாரேன். நீ செடியெல்லாம் பிடுங்கித் தீ வச்சிரு."

அருப்புக்கோட்டை பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டு நேரே காட்டுக்குப் போனேன். பிடுங்கிய செடியிலெல்லாம் அன்றைக்குப் பூத்த புதுப்பூ இருந்தது.