பாரிவாக்கத்தில் இரண்டு எழுத்தாளர் வீடுகளைத் தேடி

எங்கள் வீட்டில் இருபத்திரண்டு வருடமாக ஒரு சண்டை ஓடுகிறது. என் மனைவி ஸ்டெல்லாவுக்கு, வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதிய ஓர் அம்மாவைப் பிடிக்கும். எனக்கு, மாத நாவலில் துப்பறியும் கதை எழுதிய ஒருவரைப் பிடிக்கும். "உங்க ஆளுக்குப் பொம்பளைங்க மனசே தெரியாது" என்பாள். "உன் எழுத்தாளர் அம்மாவுக்கு உருப்படியா ஒரு கொலை பண்ணத் தெரியுமா?" என்பேன். இருவர் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. படித்துவிட்டு ஆட்கள் கூட்டமாகப் போய் நிற்பது எனக்குப் பிடிக்காது.

ஸ்டெல்லாவுக்கு அது வெறும் ரசனை அல்ல. பத்தொன்பது வயதில் அந்த அம்மாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள், அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலையும் கிடைத்திருக்கிறது, என்ன செய்ய என்று. 'முதலில் வேலைக்குப் போ. ஒரு வருஷம் சம்பளம் வாங்கிவிட்டுக் கல்யாணத்தைப் பற்றி யோசி' என்று பதில் வந்தது. போனாள். அங்கே பக்கத்து டேபிளில் நான் உட்கார்ந்திருந்தேன். ஆக, அந்தக் கடிதம் என் விஷயமும்தான். நேரில் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்று அவள் சொல்லாத வருடமில்லை. போன மாதம் ஒரு பழைய மாத நாவலின் பின்னட்டையில் என் ஆளின் முகவரி கிடைத்தது. அம்மாவின் கடிதத்தில் இருந்த அதே பாரிவாக்கம், தெரு மட்டும் வேறு. ஒரே நடையில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று கிளம்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடித்து, 8.40க்கு முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் புறப்பாடு. ஆவடியில் இட்லி, இரண்டு பேருக்கும் சேர்த்து 110 ரூபாய். ஒரு கிலோ சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டோம். பாரிவாக்கம் சந்திப்பைத் தொடும்போது 9.50, மீட்டரில் 14 கிலோமீட்டர். அதன்பிறகுதான் குழப்பம். மேப் ஒரு மனைப்பிரிவுக்குள் கூட்டிப்போய், வெறும் எல்லைக்கற்களுக்கு நடுவே "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்றது. அரைமணி நேரம் சுற்றியதில் ஒரே பிள்ளையார் கோயிலை மூன்று முறை கும்பிட்டுவிட்டோம். இரண்டு முறை எங்களை வீட்டுமனை வாங்க வந்தவர்கள் என்று நினைத்து விலையும் சொன்னார்கள்.

10.30க்குத் தொடர்கதை அம்மாவின் வீட்டைக் கண்டுபிடித்தோம். ரோடு உயர்ந்து, வீடு பள்ளத்தில் கிடந்தது. கேட்டில் துருப்பிடித்த பூட்டு. எதிர்வீட்டுப் பெண்ணிடம் விசாரித்தேன்.

"கதை எழுதறவங்களா? நான் வந்து ஆறு மாசம்தான் ஆவுது. அந்த கேட்டு பூட்டித்தான் கீது."

ஸ்டெல்லாவின் முகம் தொங்கிப்போனது. பழப்பையைக் கேட்டில் மாட்டினாள். "யாராவது வந்தா எடுத்துக்கட்டும்." எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். என் ஆளாவது கிடைப்பார் என்று.

அடுத்த தெருதான். ஆனால் நடுவில் கால்வாய் வேலை. ஓர் ஆட்டோக்காரர் தடுத்தார். "அண்ணாத்தே, இப்டிக்கா போவாதீங்க, பள்ளம் நோண்டி வச்சிக்கீறானுங்க. மெயின் ரோட்டுக்குப் போயி ரெண்டாவது லெப்ட்டு எடுங்க." ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்றி இன்னொரு வீட்டின் முன் நின்றோம். எண்பதை நெருங்கும் பெரியவர் ஒருவர் கதவைத் திறந்தார். என் எழுத்தாளரேதான். அவருடைய வாசகர்கள் என்றேன். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். வீட்டின் மறுகோடியில் ஜன்னல் திறந்திருந்தது. அதன் வழியே ஒரு கேட், கேட்டில் எங்கள் சாத்துக்குடிப் பை.

ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்றி அதே வீட்டுக்குத்தான் வந்திருந்தோம்.

"அந்த கேட்டத் தொறக்கறதே இல்ல. ரோடு ஒசந்து தண்ணி உள்ள வருது" என்றார் பெரியவர். தொடர்கதை அம்மா அவருடைய மனைவி. இறந்து நான்கு வருடமாகிறது. ஸ்டெல்லா எழுந்து ஜன்னலருகே போனாள்.

அவர் எங்களுக்கு விளக்கப் பார்த்தார். அவரும் அம்மாவும் எஸ்டேட்டில் வேறு வேறு கம்பெனி. அவருக்குக் காலை ஆறு மணி ஷிப்ட், அம்மாவுக்கு மதியம் இரண்டு மணி. "நான் வரும்போது அவ போயிருப்பா. நோட்டு டேபிள் மேல இருக்கும். ஷிப்ட்டு மாறும்போது மிஷின மாத்திக்கற மாதிரிதான். அவ உட்ட எடத்துலேர்ந்து நான் எழுதுவேன், நான் உட்ட எடத்துலேர்ந்து அவ. வாரப் பத்திரிகைன்னா அவ பேரு, மாச நாவல்னா என் பேரு."

"அப்போ கொலையெல்லாம் நீங்கதானே?" என்றேன் நப்பாசையில்.

"பாதி கொலை அவ பண்ணது. கண்ணீரு நம்முளுது."

வாசகர் கடிதங்களுக்கும் அதே முறை. யார் வீட்டில் இருந்தாரோ அவர் பதிலை ஆரம்பிப்பார். ஸ்டெல்லா தனக்கு வந்த பதிலைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். முதல் வரி கறுப்பாக அடிக்கப்பட்டிருந்தது. அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தார்.

"மேல என் எழுத்து. 'பெரியவர்கள் பார்த்த பையன் நல்லவனாகத்தான் இருப்பான், ஒத்துக்கொள்.' கீழ அவளுது. அவதான் அடிச்சிக்கீறா."

"அப்போ நான் இத்தனை வருஷமா யாரை நெனச்சிக்கிட்டிருந்தேன்?" என்றாள் ஸ்டெல்லா. எனக்கே அப்போது யார் யாரென்று பிடிபடவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஆவடியிலிருந்து பூந்தமல்லி பஸ்ஸில் ஏறிப் பாரிவாக்கம் சந்திப்பில் இறங்கலாம். மழைக்காலத்தில் வேண்டாம். மேப்பை நம்பாமல் ஆட்டோ ஸ்டாண்டில் கேளுங்கள். எங்களுக்குச் சுற்றியதையும் சேர்த்துப் போகவர 35 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய்க்குள். முக்கியமாக, உங்கள் எழுத்தாளர் பக்கத்து ஊரில் இருந்தால் இந்த ஞாயிறே போய்விடுங்கள். நாங்கள் நான்கு வருடம் தாமதம்.

கிளம்பும்போது நடந்ததை இன்னும் சொல்லவில்லை. வாசலில் ஸ்டெல்லா நின்று, "ரொம்ப நன்றிங்க அய்யா" என்றாள்.

"எனக்கு எதுக்கும்மா? என் பேச்சக் கேட்டிருந்தா உன் கதையே வேற."

"இந்த லெட்டரைத் தபால்ல போட்டது யாரு?"

"அது எப்பவும் நான்தான். அவ எழுதி வச்சிட்டுப் பூடுவா. நான் படிச்சிப் பாத்து ஒட்டிப் போடுவேன்."

"உங்க வரியை அடிச்சிருக்கிறதைப் பார்த்துட்டுத்தானே போட்டீங்க? அதுக்குத்தான் நன்றி."

பெரியவர் கதவைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

"அவ அடிச்சதுதான் சரின்னு பட்டுச்சும்மா. அத்த அவகிட்ட ஒரு தபாகூட சொன்னதில்ல."