தையில் சூடேற்றிய குசினி

நிலத்துக்குக் கீழே சுடுதண்ணீர்க் குழாய் பதித்து வீட்டைச் சூடாக்கும் வேலையை ரொறன்ரோவில் ஆறு வருடம் செய்தேன். தொண்ணூறுகளில் எனக்குத் தெரிந்த எங்கள் சனத்தில் அந்த வேலை தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பெருமைக்கு அக்கா சமைக்கும் குசினியில் விழுந்த அடி இன்னும் ஆறவில்லை.

அக்கா ஸ்காபரோவில் உறைந்த கோழி பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தார். நாள் முழுக்க ஈரச் சீமெந்தில் நிற்பார். வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றினால் பெருவிரல் இரண்டும் நீலம் பாரித்திருக்கும். என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டதும் அவர்தான். அத்தான் பக்கத்து ஊரான அஜக்ஸில் ஒரு பழைய வீடு வாங்கினார். அதன் குசினி பிறகு ஒட்டிக் கட்டியது. அடியில் பேஸ்மென்ட் இல்லை, வெறும் மண். கால் வைத்தால் பனிக்கட்டி. “அக்கா, உங்கட குசினி நிலத்துக்கு நான் ஹீற் போட்டுத் தாறன்” என்று வாயைக் கொடுத்தேன்.

வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. பழைய நிலத்தின் மேல் தடித்த நுரைப்பலகை விரித்தேன். இல்லாவிட்டால் சூடு பாதி மண்ணுக்குள் போய்விடும். குழாயை நடுவில் ஒட்டுப் போடாமல் ஒரே துண்டாக ஓட்டினேன். கொங்கிறீற் ஊற்றுமுன் காற்று ஏற்றி, அழுத்தம் காட்டும் முள் இறங்குகிறதா என்று ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன். பின்னாளில் யாரும் துளை போட்டுக் குழாயை ஓட்டையாக்கக் கூடாதே என்று படமும் எடுத்து அத்தானிடம் கொடுத்தேன். அவர் அதை எங்கே வைத்தாரோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். “அத்தான், ஒரு மாசத்துக்கு ஹீற் போடக் கூடாது. கொங்கிறீற் தானாக் காயவேணும். பிறகும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூட்டவேணும். அதுக்குப் பிறகுதான் மேல ரைல்ஸ் ஒட்டவேணும்.”

“ஓமோம்” என்றார். அத்தானின் ஓமோம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கொங்கிறீற் ஊற்றிய மூன்றாம் நாள் ஐயரிடம் போய் நாள் வைத்துக்கொண்டு வந்தார். புதுவீட்டில் பால் காய்ச்சிக் குடிபுகத் தையில் ஒரேயொரு நாள்தான் இருவரின் நட்சத்திரத்துக்கும் பொருந்தியதாம். எண்ணிப் பார்த்தேன். கொங்கிறீற் ஊற்றிப் பதினாறாம் நாள்.

“சித்திரைக்குப் பிறகு வைப்பமே, அத்தான்?”

“உனக்கென்ன விசரா? அறுபது பேருக்குச் சொல்லியாச்சு. சீமெந்துக்காக நாள் மாத்திறதோ?”

சீமெந்து என்ன நட்சத்திரம் என்று கேட்க வாய் உன்னியது. அடக்கிக்கொண்டேன். அவர் வேறு ஆள் பிடித்து ரைல்ஸையும் ஒட்டிவிட்டார்.

பால் காய்ச்சும் நாள் காலை, வெளியே மூக்கு விறைக்கும் குளிர். வருகிற சனம் முழுக்க வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நிற்கப்போகிறது. அத்தான் ஐயரைக் கூட்டிவரப் போயிருந்தார். அக்கா பட்டுச்சேலையோடு குசினியில் நின்று, ஒரு காலின் மேல் மற்றக் காலை வைத்துத் தேய்த்தார்.

“தம்பி, இண்டைக்கு மட்டும் போட்டு விடன். கால் விறைக்குது. நீ செய்த வேலையைச் சனமும் பாக்கட்டுமன்.”

“வெடிச்சிடும், அக்கா.”

“ஒரு நாளில என்ன வெடிக்கும்? நான் கேட்டனெண்டு மட்டும் அத்தானுக்குச் சொல்லிப்போடாத. எல்லாத்துக்கும் என்னைத்தான் பேசுவார்.”

சனமும் பார்க்கட்டும். அந்தச் சொல்லில்தான் விழுந்தேன். அக்காவின் கால் பாதி, என் பெருமை பாதி. போய் என் கையாலேயே சூட்டை ஏற்றிவிட்டேன்.

பால் பொங்கியது. சனம் வெறுங்காலோடு நின்று, “அட, நிலம் இளஞ்சூடா இருக்கு!” என்றது. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்று நான் பட்ட சந்தோசத்தை நினைத்தால் என்னையே அறையவேண்டும் போல இருக்கிறது.

நாலாம் நாள் அத்தான் தொலைபேசியில் கத்தினார். போய்ப் பார்த்தால் சுவரிலிருந்து சுவர் வரை வெடிப்பு. காயாத கொங்கிறீற்றை அவசரமாகச் சூடாக்கினால் அப்படித்தான் சுருங்கி வெடிக்கும். ரைல்ஸ் கிளம்பி, மிதிக்க மிதிக்கச் சத்தம் போட்டது.

“ஆரடா ஹீற்றைப் போட்டது?”

அக்காவைப் பார்த்தேன். அவர் கோப்பை கழுவிக்கொண்டு நின்றார், ஏற்கெனவே கழுவிய கோப்பை.

“நான்தான்” என்றேன்.

உடைத்துத் திரும்பப் போட்டுத் தருகிறேன் என்றேன். “நீ செய்த வேலை காணும், இனி வேண்டாம்” என்றார் அத்தான். வெடிப்பின் மேல் தடித்த கார்பெற் விரித்தார். குசினியில் கார்பெற்! சூடு அதற்குக் கீழேயே முடங்கிக் கிடந்தது. பிறகு, நிலம் சுடவில்லை என்று அதையும் நிற்பாட்டிவிட்டார்.

இரண்டு வருடம் கழித்துத் தீபாவளிக்குப் போனேன். அத்தான் வேலைக்குப் போயிருந்தார். அக்கா பயப்பட அங்கே ஆள் இல்லை. ஸ்காபரோவிலிருந்து வந்திருந்த ஒரு அன்ரி, குசினியில் எதற்குக் கார்பெற் என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அக்கா என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். “தம்பியின்ர வேலைதான், அன்ரி. நல்லா வேலை தெரிஞ்சவன், ஆனா அவசரக்காரன். ஒரு மாசம் பொறுத்திருந்தா இப்பவும் நிலம் சுடும்.”

இன்றைக்குச் சொல்லியே விடுவது என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் அக்காவின் காலைக் கண்டேன். கம்பளிக் காலுறை இரண்டு சோடி, ஒன்றின் மேல் ஒன்று.

“ஓம் அன்ரி, நான்தான் அவசரப்பட்டிட்டன்” என்றேன்.